வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிறு மாலையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புது உறுப்பினர்களில் சிலர் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்களுக்காகக் கூட்டத்தை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதைக் கடைசியில் பேசுவோம்.

தேவாலயக் கூடத்தில் தரை வேலை நடந்த மாதங்களில் கூடுவதற்கு இடம் இல்லாமல் நின்றோம். பக்கத்துத் தெருவில் ஒரு நகரத்தார் குடும்பம் தங்கள் வீட்டு முன்கூடமான பட்டாலையைத் திறந்துவிட்டது. அனுமதி கேட்கத் தயங்கித் தயங்கிப் போன எங்களிடம் அந்த வீட்டு ஆச்சி, "சாமி புத்தகம் படிக்க இடம் வேணும்னா இவ்வளவு யோசிக்கணுமாப்பா?" என்றார். கூட்டம் முடிகிற நேரத்தில் வளவிலிருந்து வெள்ளைப் பணியாரம் வந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு இந்தச் சபையின் நன்றியை எழுத்தில் பதிவு செய்கிறேன். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளை ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பொருள் இதுதான்: பிற சமயத்தாரின் சுதந்திரத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களாகிய நாம் என்ன நினைக்கிறோம், என்ன நினைக்க வேண்டும்? இதை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று மற்றச் சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சமயச் சுதந்திரம் பற்றி இன்னொன்றை வெளியிட்டது. இரண்டுக்கும் இந்த ஆண்டோடு 60 வயது. நம் வட்டத்தில் கத்தோலிக்கர் பாதி, சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே நண்பர்களும் மீதி என்பதால், ரோமில் எழுதியது எங்களுக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. படிக்கப் படிக்க அது அடங்கிவிட்டது.

முதல் அறிக்கை, இந்து சமயத்தில் இறைவனைத் தேடும் தியானத்தையும் தவத்தையும் அன்போடு சரணடைவதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முஸ்லிம்களை மதிப்போடு பார்க்கிறது. இச்சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இரண்டாவது அறிக்கை 2,308 வாக்குகள் ஆதரவாகவும் 70 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. சமய விஷயத்தில் எந்த மனிதரையும் அவருடைய மனச்சாட்சிக்கு எதிராக வற்புறுத்தக் கூடாது. அரசும் கூடாது, கூட்டமும் கூடாது, தனி ஆளும் கூடாது. அதன் சாரம் இதுதான்.

எங்களோடு தொடர்ந்து வரும் முஸ்லிம் நண்பர் ஒருவர், துணிக்கடை வைத்திருப்பவர், நேராகவே கேட்டார்: "அண்ணே, கோபிக்காதீங்க. இதைச் சொல்ல உங்களுக்கு 1965 வரைக்கும் ஆயிடுச்சா?" கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடவே தனியாக ஒரு கூட்டம் வைத்தோம்.

கிடைத்த பதில் நேர்கோடாக இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் ரோம ஆளுநர் ஒருவருக்கு எழுதினார்: சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் வேலையல்ல. 313இல் அரசு கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தது. 380இல் கிறிஸ்தவமே அரசு சமயமாகிவிட்டது. அதிகாரம் கையில் வந்ததும் தெர்த்துல்லியன் சொன்னது மெல்ல மறைந்தது. நம் நாட்டிலேயே கோவாவில் 1560இல் தொடங்கிய, சமயக் காரணங்களுக்காக மக்களைத் தண்டித்த சமய விசாரணை மன்றம் 1812 வரை நடந்தது. இதை நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டும். பிறர் சொல்லி நாம் மறுப்பதை விட, நாமே சொல்வதுதான் நமக்கு மரியாதை.

அந்த இருட்டான காலத்திலும் சிலர் பேசாமல் இருக்கவில்லை. இங்கிலாந்தில் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த தாமஸ் ஹெல்விஸ் 1612இல் மன்னருக்கே ஒரு புத்தகம் அனுப்பினார். மக்கள் மாற்றுக் கொள்கையராக இருக்கட்டும், துருக்கியராக (முஸ்லிம்களை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) இருக்கட்டும், யூதராக இருக்கட்டும், அவர்களைத் தண்டிக்கும் உரிமை மண்ணுலக ஆட்சிக்கு இல்லை என்று அதில் எழுதினார். அதற்காகச் சிறைக்குப் போனார், சிறையிலேயே இறந்தார். அவர் தன் சபைக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் துருக்கியருக்காக யார் பேசினார்கள்?

துணிக்கடை நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப புரியுது" என்றார். அப்புறம் அவரே, தன் சமுதாயத்துக்குள்ளும் இப்படி ஒரு கூட்டம் போட வேண்டும் என்றார்.

மார்கழிக் கூட்டத்தைத் திருவாசகத்துக்கு ஒதுக்கினோம். ஆங்கிலிக்கன் போதகரான ஜி.யு. போப், 1820இல் பிறந்தவர், 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொடுத்தார். அதற்கு முன்பே 1886இல் திருக்குறளைக் கொடுத்திருந்தார். அவர் தன் விசுவாசத்தை விடவும் இல்லை, மாணிக்கவாசகரைக் குறைத்துப் பேசவும் இல்லை. நம் அழைப்பை ஏற்று ஓதுவார் ஒருவர் வந்து பாடினார். அன்று பேச்சை விடப் பாட்டுதான் அதிகம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி, இந்த ஆண்டில் மிகச் சூடாக நடந்த விவாதத்துக்கு வருகிறேன்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போவது நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. குன்றக்குடி சாலையில் போகிறவர்களுக்குக் குடிநீரும் சுக்குக் காபியும் கொடுக்கலாம் என்று இளைஞர் சிலர் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. காவடி யாத்திரைக்கு உதவுவது அந்த வழிபாட்டில் பங்கெடுப்பது ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். வேறு சிலர், "கொடுப்போம், ஆனால் கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுப்போம். இவ்வளவு கூட்டம் வேறு எப்போது கிடைக்கும்?" என்றார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குக் கடினமாக இல்லை. தாகமாக இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது தாகத்துக்குச் செய்யும் உதவி. காயப்பட்டுக் கிடந்தவனை அந்தச் சமாரியன் தூக்கிச் செல்லும்போது நீ எந்த மலையில் தொழுகிறாய் என்று விசாரிக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பாதவர்களை யாரும் இழுக்கவில்லை. சமயச் சுதந்திரத்தைப் படிக்கிற வட்டத்துக்குள்ளேயே மனச்சாட்சிக்கு மதிப்பில்லை என்றால் எப்படி?

இரண்டாவது கேள்விதான் எங்களை மாதக்கணக்கில் பேச வைத்தது. நற்செய்தி சொல்வது நம் கடமை, அதை மறைக்கவோ அதற்காக வெட்கப்படவோ வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்த நிலையில் இருப்பவரிடம் சொல்கிறோம்? சமயச் சுதந்திரம் பற்றிய 1965 அறிக்கையே, குறிப்பாக ஏழைகளிடமும் கல்வி குறைந்தவர்களிடமும், வற்புறுத்தல் போலத் தோன்றுகிற எந்த வழியையும் சபைகள் தவிர்க்க வேண்டும் என்கிறது. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக நற்செய்திக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆவணமும், ஆசை காட்டி இழுப்பதையும் ஏமாற்றுவதையும் கிறிஸ்தவச் சாட்சியம் என்று ஏற்கவில்லை. கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டது போன்றது அது. கால் வீங்கி வந்து நிற்பவர் ஒரு கையால் டம்ளரை வாங்கும்போது இன்னொரு கையில் பிரசுரத்தைத் திணித்தால், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

விவாதத்தை முடித்து வைத்தவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஒரு அக்கா. "ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களுக்கு வழி நெடுக இந்துக்கள்தான் சோறு போடறாங்க. யாராவது சோத்தோட சேத்து ஒரு புத்தகம் குடுத்தாங்களா?" என்று கேட்டார். அத்தோடு முடிவாயிற்று. தண்ணீரும் காபியும் மட்டும் கொடுத்தோம். யார் என்று கேட்டவர்களிடம் கிறிஸ்தவர்கள் என்று சொன்னோம். கேட்காதவர்களிடம் சொல்லவில்லை. வெயில் ஏறும்வரை அங்கே நின்ற இளைஞர்களை இந்தச் சபை பாராட்ட வேண்டும்.

ஓரியூருக்கும் போய் வந்தோம். ஜான் தெ பிரிட்டோ என்ற போர்ச்சுகீசியக் குருவான புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட இடம் அது. ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினரான தடியத் தேவர் கிறிஸ்தவரானதும், ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், அதனால் அரண்மனையில் எழுந்த கோபமும் இந்தக் கொலையின் பின்னணி. வேனில் திரும்பும்போது இதைப் பற்றித்தான் பேச்சு. நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவரை வணங்குகிறோம். அதே நேரம் விலக்கப்பட்ட பெண்களின் நிலை என்ன ஆனது என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டபோது வேன் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்று நம்பப்படும் அந்தச் செம்மண்ணை எடுத்துப் போக எல்லாச் சமயத்தாரும் இன்று வருகிறார்கள் என்பதையும் கண்ணால் பார்த்தோம்.

சட்டம் பற்றிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவை விளக்கினார். மனச்சாட்சிச் சுதந்திரமும், தன் சமயத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையும் எல்லோருக்கும் சமமாக உண்டு. பரப்புவது என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று பொருளல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார் என்பதும் சமயச் சுதந்திரத்தின் கேள்விதான் என்றார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

அவர் சொன்ன வழக்குகளில் என் மனத்தில் தங்கியது 1986இல் வந்த கேரள வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. நம் சபைகளில் எதுவும் அவர்களுடைய போதனையை ஏற்பதில்லை. அவர்களுக்காக நாம் பேசியிருப்போமா என்று நம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றே ஓர் அம்மா கேட்டார்: "என் மகனே நாளைக்கு வேறு சமயத்துக்குப் போய்விட்டால்?" நம் சமயத்துக்கு வருபவரின் சுதந்திரம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், நம்மை விட்டுப் போகிறவரின் சுதந்திரம் பற்றிப் பேசுவதே இல்லை. அந்தப் பிள்ளையை வீட்டை விட்டு விலக்கக் கூடாது, கல்யாணம் காட்சிக்கு அழைக்காமல் இருக்கக் கூடாது. வருத்தப்படலாம், ஜெபிக்கலாம், வாதாடவும் செய்யலாம். கதவை மட்டும் சாத்தக் கூடாது. இதுவே என் கருத்து. எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இப்படியெல்லாம் பேசினால் எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று ஆகிவிடாதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பல கூட்டங்களில் கவலைப்பட்டார். ஆகாது ஐயா. உண்மை தன் சொந்த வலிமையால் மட்டுமே மனத்துக்குள் இறங்கும் என்று அந்தச் சமயச் சுதந்திர அறிக்கையே சொல்கிறது. அதை நம்புகிறவனுக்குக் கட்டாயமும் தேவையில்லை, ஏளனமும் தேவையில்லை.

நம் ஊர்ப் பக்கத்து முன்மாதிரி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1982 மார்ச்சில் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது, குன்றக்குடி அடிகளார் அங்கே நேரில் போய் இரு தரப்பிலும் பேசிச் சமாதானம் செய்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் அவர். நம் சபைகளிலிருந்து அப்படிக் கிளம்பிப் போகிறவர்களை நாம் வளர்க்கிறோமா?

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை இவை. நம் பெயரில் அச்சாகும் எந்தத் தாளிலும் பிற சமயத்தின் தெய்வங்களையோ வழிபாட்டையோ இழித்து ஒரு வரியும் இருக்கக் கூடாது. நம் கல்வி உதவியைப் பெறும் பிள்ளைகளிடம் ஜெபக் கூட்டத்துக்கு வரச் சொல்லி நிபந்தனை வைக்கக் கூடாது. பகுதியில் எந்தச் சமயத்தாரின் வழிபாட்டுக்கு இடையூறு வந்தாலும், நமக்கு வந்தது போலவே, எழுத்தில் நம் ஆதரவைத் தெரிவிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் குழுவில் ஒருமனதான ஒப்புதல் உண்டு. மூன்றாவதை யார் முடிவு செய்வது, எவ்வளவு விரைவில் செய்வது என்பதில் இன்னும் பேச்சு இருக்கிறது. அதை இன்றே வாக்குக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்ட நேர மாற்றத்தையும் அதோடு சேர்த்து முடித்துவிடலாம்.

அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி