ஹாலின்வுட்டில் இருந்த பப்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனது நிம்மதியாயிற்று. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள், தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். தூக்குத்தண்டனையே கூடாது என்று மகன் சொல்ல, கயிற்றுக்குப் பயந்தால்தான் மனுஷன் அடங்கி இருப்பான் என்று நீ சொல்ல, வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனதாமே. அதைப் படித்ததும் இங்கிலாந்தில் எங்கள் பக்கத்தில் முன்பு இருந்த ஒரு பப், அதாவது மதுக்கடை, ஞாபகத்துக்கு வந்தது. அதன் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மான்செஸ்டரிலிருந்து ஓல்டம் போகும் சாலையில் ஹாலின்வுட் என்று ஒரு பகுதி. நூற்பாலைகளும் ஃபெரான்டி தொழிற்சாலையும் இருந்த தொழிலாளர் பேட்டை. அங்கே இருந்த பப்புக்கு 'ஹெல்ப் த புவர் ஸ்ட்ரக்ளர்' என்று பெயர். பாடுபடும் ஏழைக்கு உதவுங்கள் என்று அர்த்தம். இப்போது கட்டடமே இல்லை. பப் நடத்துகிறவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். 1946-ல் அந்த வாசலுக்கு மேல் ஏறிய பெயர் ஆல்பர்ட் பியர்பாயின்ட்.

அவர்தான் அன்றைக்கு இந்த நாட்டில் தூக்குப் போடுகிறவர்களில் முதன்மையானவர். அப்பாவும் பெரியப்பாவும் செய்த வேலை அது. மாதச் சம்பளம் கிடையாது, ஒவ்வொரு தூக்குக்கும் இவ்வளவு என்று கூலி. அதனால் மளிகைக் கடையில் வண்டியில் சாமான் கொண்டுபோய்ப் போடும் வேலையும் பார்த்துவந்தார். 1945 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாமலின் சிறையில் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமின் காவலர்களைத் தூக்கிலிட்ட பிறகு பத்திரிகைகள் அவர் பெயரை ஊரறியச் செய்துவிட்டன. அடுத்த வருஷம் பப்பை எடுத்தார். சிறையிலிருந்து அழைப்பு வந்தால் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. மனைவி ஆன் கடையைப் பார்த்துக்கொள்வார். முதல் நாளே போய், அறைக்கதவிலுள்ள சின்னத் துவாரம் வழியாகக் கைதியைப் பார்த்து, எடைக்கும் உடல்வாகுக்கும் தக்கபடி கயிற்றின் நீளத்தைக் கணக்கிட்டு, காலையில் வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார். அவரைப் பார்ப்பதற்கென்றே கடைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வேலையைப் பற்றி அவர் கடையில் வாய் திறப்பதில்லை.

அந்தப் பப்பில் பாட்டும் உண்டு. ஜேம்ஸ் கார்பிட் என்று ஒரு வாடிக்கையாளர் வந்து பாடுவார். பியர்பாயின்ட்டும் கூடச் சேர்ந்து பாடுவார். கார்பிட்டை இவர் 'டிஷ்' என்பார், அவர் இவரை 'டாஷ்' என்பார். 1950 ஆகஸ்டில் ஒரு ராத்திரி இருவரும் வழக்கம்போலச் சேர்ந்து பாடினார்கள். அங்கிருந்து போன கார்பிட், தான் பழகிவந்த பெண்ணைப் பொறாமை வெறியில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார். நவம்பர் 28 அன்று மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்வேஸ் சிறையில் அவரைத் தூக்கிலிட வந்தவர் பியர்பாயின்ட். உள்ளே நுழைந்ததும் கைதி 'ஹலோ டாஷ்' என்றார். இவரும் 'ஹலோ டிஷ்' என்றார். பழைய பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் கொஞ்சம் தெளிந்து அமைதியானதாக இவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

கயிற்றுக்குப் பயப்படுவான் என்கிறாயே, யோசித்துப் பார். அந்தக் கயிற்றைக் கையால் மாட்டுகிற ஆளே பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் யாருக்கு எச்சரிக்கை வேண்டும்? அதற்குப் பிறகும் அந்த ராத்திரி கொலை விழுந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

அதே வருஷம் மார்ச்சில் அவர் தூக்கிலிட்ட திமோத்தி எவன்ஸ் என்பவருக்கு, அந்தக் கொலையை அவர் செய்திருக்க மாட்டார் என்று ஆனபோது, 1966-ல், இறந்துபோன பிறகு, அரச மன்னிப்பு வந்தது. அந்த உயிரை யார் திருப்பித் தருவது? எனக்கு இதைவிடப் பெரிய வாதம் தெரியவில்லை.

பியர்பாயின்ட் பிறகு பிரெஸ்டன் பக்கம் ஹூல் என்ற ஊரில் வேறொரு பப்புக்குப் போனார். 1956-ல் கூலித் தகராறில் தூக்கு வேலையை விட்டார். 400-க்கும் மேற்பட்டோரை அவர் தூக்கிலிட்டிருந்தார். 1974-ல் வந்த தன்வரலாற்றில், மரண தண்டனை பழிவாங்குவதைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை என்று எழுதினார். கார்பிட்டையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார். உனக்குச் சாதகமானதையும் சொல்லிவிடுகிறேன்: 1976-ல் ஒரு வானொலிப் பேட்டியில், குற்றங்கள் பெருகுவதைப் பார்த்து அவர் அந்த முடிவில் தடுமாறினார். தடுமாறியதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கார்பிட் விஷயத்தில் அவர் கண்ணால் கண்டது மாறிவிடாது அல்லவா?

இங்கே கடைசியாகத் தூக்கு நடந்தது 1964 ஆகஸ்ட் 13-ல். ஒரே நேரத்தில் இரண்டு சிறைகளில். ஸ்ட்ரேஞ்வேஸில் அதை முடித்த ஹாரி ஆலனும் பப் நடத்தியவர்தான்.

இந்தக் கடிதத்தை மகனிடமும் கொடு. இரண்டு பேரும் பேசிவிட்டு, அவன் என்ன சொல்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று தனித்தனியாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்