திருப்பிக் கொடுத்ததும் அழித்துவிடுவார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதாக எழுதியதில் நிம்மதி. நூலகராக இருந்த காலத்தில் யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தீர்கள், யாருக்கு எது பிடித்தது என்று குறித்து வைத்திருந்தீர்களே, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து முகநூலில் போடத் தம்பி துடிக்கிறானாம். என் அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இந்த இல்லினாய் மாநிலத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நூலகம்தான் எனக்குப் போக்கிடம். அப்போது பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். நீல அட்டை என்பது நினைவிருக்கிறது, பெயர்தான் மறந்துவிட்டது. போன வாரம் போய், "என் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். அங்கிருந்த நூலகர் அம்மா சிரித்தார். "நீங்கள் திருப்பிக் கொடுத்ததுமே உங்கள் பெயரை அதிலிருந்து அழித்துவிடுவோம். எங்களுக்கே தெரியாது." எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய கட்டடம், இத்தனை கணினி, ஒரு பேரேடு வைத்துக்கொள்ளத் தெரியாதா? உங்களிடம் கேட்டிருந்தால் அட்டையைப் பார்க்காமலே சொல்லியிருப்பீர்கள்.

காரணத்தை அப்புறம்தான் சொன்னார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2001-இல் வந்த பேட்ரியட் சட்டம், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கையை நீளமாக்கிவிட்டது. 2005-இல் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் போனது. குறிப்பிட்ட ஒரு நாளில், முக்கால் மணி நேரம் போல, ஒரு நூலகக் கணினியை யார் பயன்படுத்தியது என்று சொல்ல வேண்டும். கடிதம் வந்ததையே வெளியே சொல்லக்கூடாது, வீட்டாரிடமும்கூட. நான்கு நூலகர்கள் கொடுக்க மறுத்து வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் யார் என்பது தெரிந்துவிடக் கூடாதாம். அதனால் தங்கள் வழக்கின் விசாரணையையே வேறோர் ஊரில் உட்கார்ந்து தொலைக்காட்சித் திரையில்தான் பார்க்க முடிந்தது. அடுத்த வருஷம் வாய்ப்பூட்டு கழன்றது, கேட்டதையும் எஃப்.பி.ஐ. கைவிட்டது. வாசகரின் பதிவேட்டைக் காக்க எங்கள் இல்லினாயில் தனிச் சட்டமே இருக்கிறது. இருந்தாலும் இல்லாத பதிவை எவன் வந்தும் பிடுங்க முடியாது என்பது அந்த அம்மாவின் கணக்கு.

இதையெல்லாம் கேட்டு இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கச் சொல்லும் சண்டை ஊருக்கு ஊர் நடக்கிறது. 2023-இல் மட்டும் 4,240 தலைப்புகள் மீது ஆட்சேபம் வந்ததாக அமெரிக்க நூலகச் சங்கம் கணக்கெடுத்தது. ஒரே மூச்சில் நூறு தலைப்புக்குமேல் பட்டியல் நீட்டும் குழுக்களும் உண்டு. எங்கள் நூலகத்தில் ஆட்சேபத்துக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: "புத்தகத்தை முழுக்கப் படித்தீர்களா?" பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்களாம்! முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். ஃப்ளோரிடாவின் பள்ளிகளில் கதை நேர்மாறு. பாலியல் நடத்தை என்று ஒருவர் ஆட்சேபித்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும், விசாரணை அப்புறம். இல்லினாயிலோ, புத்தகத்தைத் தடை செய்ய மாட்டோம் என்று எழுதி வைக்காத நூலகத்துக்கு 2024 முதல் மாநில மானியம் கிடையாது. நாடு ஒன்றுதான், எல்லையைத் தாண்டினால் விதி தலைகீழ்.

நூலகக் கணினியில் சில இணையப் பக்கங்களைத் தடுக்கும் வடிகட்டியும் உண்டு. மத்திய அரசின் இணைய உதவியை வாங்கினால் ஆபாசப் படங்களைத் தடுத்தே ஆக வேண்டும். மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடியபோது என்னையும் அது தடுத்தது. அந்த அம்மாவிடம் சொன்னேன், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துவிட்டார். (எனக்கு ஒன்றுமில்லை, கூட வேலை செய்யும் ஒருத்திக்காகப் பார்த்தேன். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.)

இன்னொன்றும் உண்டு. 1966-இலேயே போட்ட தகவல் சுதந்திரச் சட்டம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, என்னைப் போன்ற வந்தேறியும் அரசின் கோப்புகளைக் கேட்கலாம். என் விசாக் கோப்பைக் கேட்டு எழுதினேன். இருபது வேலை நாட்களில் பதில் என்பது சட்டம். எனக்கு ஐந்து மாதம் ஆனது. வந்த தாள்களில் பல வரிகளுக்குக் கருப்புப் பட்டை. என்னைப் பற்றி எழுதியதை எனக்கே மறைக்கிறார்கள், நான் படித்ததை மட்டும் எவருக்கும் சொல்வதில்லை என்று ஒரு மூலையில் ஒரு அம்மா அழித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால், அப்பா, தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நோட்டில் இருப்பவர்கள் உங்களை நம்பித்தான் கேட்டு வாங்கிப் படித்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வாங்கியவர்களும், வீட்டில் ஒளித்துப் படித்த பையன்களும் அதில் இருப்பார்களே. எரிக்கவும் மனசு வராது உங்களுக்கு, தெரியும். பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

பூட்டுவதற்கு முன், என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

அன்பு மகள்