பாதி துளைத்த மணி

சென்னிமலை,
பங்குனிக் கடைசி

அன்புள்ள துரைசாமி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆறு நாள் எங்கள் அகழாய்வுக் குழிகளைச் சுற்றிக் கேமராவோடு திரிந்தார்கள். இந்த வயதில் உன் சிநேகிதன் நடிகனாகிவிட்டான் போ.

நாங்கள் தோண்டுமிடம் கொடுமணலுக்குப் பக்கம், அதே நொய்யல் கரை. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலில் தோண்ட ஆரம்பித்தபோது நாம் சைக்கிளில் போய் வெயிலில் நின்று பார்த்தோமே, 'ஓட்டாஞ்சில்லிக்கா இந்தப் பாடு?' என்று நீ கேட்டாய். அதே ஓட்டாஞ்சில்லுக்குத்தான் நான் இன்னும் பாடுபடுகிறேன். கருப்பு சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கசடு, மணி செய்கிற கல், எல்லாம் இங்கேயும் வருகிறது.

வந்தவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: மண்ணிலிருந்து ஏதாவது வெளிவருகிற அந்த நிமிடம். 'இன்னைக்கு ஏதாச்சும் வருமுங்களா?' என்று தினமும் கேட்பார்கள். எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நாளெல்லாம் சுரண்டினாலும் ஒரு சாண் இறங்குவதில்லை. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பழனியம்மா சல்லடையில் ஒரு பளிங்கு மணி எடுத்திருந்தார். (தறி வேலையை விட்டுவிட்டு வந்தவர். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.) அதை மறுபடி மண்ணில் வைத்து எடுத்துக் காட்டச் சொன்னார்கள், 'ரெண்டே நிமிஷம் சார்' என்று. முடியாது என்றேன். எந்தக் குழி, என்ன ஆழம், எந்த மண்ணடுக்கு என்பதுதான் அதன் விலாசம். அதில் பொய் சொல்ல ஆரம்பித்தால் சந்தையில் விற்கிற பாசிமணிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அதற்காக நான் ரொம்ப யோக்கியன் என்று நினைத்துக்கொள்ளாதே. பானை ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை 'அடடா' சொன்னேன். மூன்றாவது நன்றாக வந்ததாம், லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டான்.

அந்த மணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியதும் தொகுப்பாளர் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. பாதிதான் துளைத்திருக்கிறது, ஓரமும் உடைந்திருக்கிறது. 'முழுசா ஒண்ணு இல்லீங்களா சார்?' என்றாள். முழு மணி இங்கே செய்ததாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், இங்கேயே செய்தார்கள் என்பதற்கு உடைந்ததுதான் சாட்சி என்று விளக்கினேன். இரண்டு பக்கமிருந்தும் துளை போட்டு நடுவில் சேர்ப்பார்கள். கொஞ்சம் தவறினால் கல் பிளந்துவிடும், தூக்கி எறிய வேண்டியதுதான். கொடுமணலிலும் கல், அரைகுறை, முடித்தது என்று எல்லாம் கிடைத்ததால்தான் அது பட்டறை ஊர் என்றார்கள். பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பக்கம் கிடைக்காத சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லைக்கூட வரவழைத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணத்து அருங்கலம், அதாவது அரிய அணிகலன், என்று வருவது இந்தக் கைவேலையைத்தான். நல்லபடி முடிந்தவை கழுத்துக்கும் கல்லறைக்கும் போயின, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே கடலுக்கும் போயிருக்கும். நம் பங்குக்குக் கை தவறிய ஒருவனுடைய கோபம் மிஞ்சியிருக்கிறது. இதையெல்லாம் பதினைந்து நிமிடம் பேசினேன். எத்தனை வினாடி வருமோ!

ஆற்றையும் படம் எடுக்கக் கிளம்பினார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். திருப்பூர்ச் சாயத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கேமராக்காரப் பையனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடைசி நாள் வெள்ளனே ஆறரை மணிக்கே, வெயில் சாய்வாக விழும்போது, யாருமில்லாத குழியை எடுத்திருக்கிறான். அழகுக்காக எடுத்தானாம். சின்னத் திரையில் காட்டினான். பனி ஈரத்தில் தரை மங்கலாக இருக்க, நடுவே ஆறு கருத்த வட்டங்கள், வளைவாக. பழைய வீடு ஒன்றுக்குக் கம்பம் நட்ட குழிகள்! நான் ஒன்பது மணிக்கு வந்து நின்றபோதெல்லாம் மண் காய்ந்து வெளுத்து ஒரே நிறமாகக் கிடந்திருக்கிறது. பத்து நாளாக அந்த வீட்டின் மேலேயே நடந்திருக்கிறேன், துரை. அப்போது வாயிலிருந்து வந்த 'அடடா'வைப் பிடிக்கத்தான் மைக் இல்லை.

தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி? பேரனைக் கேட்டதாகச் சொல். வைகாசிக்குள் அளந்து வரைந்து முடித்துவிட்டு, குழியை மண் போட்டு மூடிவிடுவோம். வருவதென்றால் அதற்கு முன் வா. முதல் நாள் பொழுதோடவே வந்து தங்கிவிடு, அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கச் சொல்கிறேன். ஆறு மணிக்குக் குழியருகே நிற்க வேண்டும்.

அன்புடன்,
செங்கோட்டையப்பன்