எந்த டூல் என்று கேட்டிருந்தாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது தானே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. சரி, போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: கடைக்காரர்கள் பில் போடும் எங்கள் ஆப்பை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்க, கூகுள் அனலிட்டிக்ஸ், மிக்ஸ்பேனல், போஸ்ட்ஹாக், இந்த மூன்றில் எங்கள் டீமுக்கு எந்த டூல்? நீ சாதாரணமாகக் கேட்டாலும் எனக்குப் பதிலைச் சாதாரணமாகச் சொல்ல மனம் வரவில்லை, இந்த முடிவு உங்களோடு சில வருடங்கள் கூடவே வரும்.

முதலில், இந்த மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது. இதில் இரண்டு ரகம் இருக்கிறது. தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்வது ஒரு ரகம், கூகுள் அனலிட்டிக்ஸ், மட்டோமோ, ப்ளாசிபிள் எல்லாம் அங்கே வரும். உள்ளே வந்தவர் என்ன செய்தார், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார், அடுத்த வாரம் திரும்பினாரா என்று ஆளைத் தொடர்ந்து பார்ப்பது இன்னொரு ரகம். மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட், போஸ்ட்ஹாக் அதற்காகவே கட்டப்பட்டவை. இப்போது எல்லை கொஞ்சம் கலங்கிவிட்டது உண்மைதான், கூகுள் அனலிட்டிக்ஸின் புதுப் பதிப்பாக 2020இல் வந்த ஜிஏ4 கூட, ஒருவர் ஒரு பக்கத்தைத் திறப்பதையும் ஈவென்ட்டாக, அதாவது ஆள் செய்த ஒரு செயலின் பதிவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதன் இலவசப் பதிப்பில் ஆள்வாரியான டேட்டா இயல்பாக 2 மாதம்தான் நிற்கும், செட்டிங்கில் போய் மாற்றினால் அதிகபட்சம் 14 மாதம். நீயோ 'சேருகிறவர்கள் சேருகிறார்கள், தங்கத்தான் மாட்டேன் என்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். இது ரிடென்ஷன் கேள்வி, அதாவது வந்தவர்கள் தொடர்ந்து தங்குகிறார்களா என்பது. பில் போடும் ஆப் ஒன்றுக்கு வருடம் தாண்டியும் பின்னால் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும், அதனால் நீ தேடுவது இரண்டாவது ரகம். மார்க்கெட்டிங் பக்கங்களுக்கு மட்டும் ப்ளாசிபிள் மாதிரி எளிமையான ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொள், போதும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. போன வருடம் ஒரு டீமுக்கு உதவப் போயிருந்தேன். டூல் சரியில்லை, மாற்றப்போகிறோம் என்றார்கள். ஈவென்ட் பட்டியலைத் திறந்து பார்த்தால் 'சைன்அப்' என்று ஒன்று, 'சைன்அப் க்ளிக்டு' என்று ஒன்று, 'யூசர் க்ரியேட்டட்' என்று இன்னொன்று. ஒன்று ஃபார்மை அனுப்பியதும் போகிறது, ஒன்று பட்டனைத் தொட்டதுமே போகிறது, மூன்றாவதுதான் சர்வரில் அக்கவுன்ட் உண்மையிலேயே உருவானதும் போகிறது. மூன்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு டெவலப்பர்கள் எழுதியிருக்கிறார்கள். மார்க்கெட்டிங்கில் இருந்தவர் பட்டன் கணக்கை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்கு வருவார், ப்ராடக்ட் மேனேஜர் சர்வர் கணக்கோடு வருவார், அப்புறம் எந்த நம்பர் சரி என்பதிலேயே அந்த மீட்டிங் முடிந்துவிடும். உலகத்திலேயே நல்ல டூலை வாங்கிப் போட்டாலும் இதே மூன்று பெயர்தானே அதற்குள்ளும் போகும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

அதனால் டெமோவுக்கு நேரம் கேட்பதற்கு முன்னால் ஒரு ஷீட்டைத் திற. ஈவென்ட் பெயர், அது சரியாக எந்தக் கணத்தில் போக வேண்டும், கூட என்னென்ன விவரம், எந்தக் கேள்விக்காக, அவ்வளவுதான். கேள்வி இல்லாத ஈவென்ட்டைத் தயங்காமல் அடித்துவிடு. ஆரம்பத்துக்குப் பத்துப் பதினைந்து ஈவென்ட் தாராளம். அக்கவுன்ட் உருவானது, பணம் கட்டியது மாதிரியானவற்றை பிரவுசரிலிருந்து அனுப்பாதே, சர்வரிலிருந்து அனுப்பு. விளம்பரங்களைத் தடுக்கும் ஆட்பிளாக்கர் வைத்திருப்பவர்களிடம் இந்த டூல்களின் ஸ்க்ரிப்ட் பல நேரம் ஓடவே ஓடாது. சஃபாரியும் 2019லிருந்து ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள ஜாவாஸ்க்ரிப்ட் பிரவுசரில் வைக்கும் குக்கீயை 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை, பத்து நாள் கழித்து லாகின் செய்யாமல் வரும் பழைய ஆள் புது ஆளாகத் தெரிவார்.

விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, உங்களுக்கு இது நேரடியாக இடிக்கும். சிலர் ஈவென்ட் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறார்கள், சிலர் மாதத்தில் வந்து போகும் ஆட்களின் எண்ணிக்கைக்கு. உங்கள் ஆப்பில் ஆட்கள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் காலையிலிருந்து இரவு வரை பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஈவென்ட்டுக்குக் காசு என்றால், பில்லில் ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் ஒரு ஈவென்ட் அனுப்பினால் மாதக் கடைசியில் தாங்காது. பில் சேவ் ஆனதும் ஒரே ஒரு ஈவென்ட், அதிலேயே எத்தனை பொருள் என்ற விவரம், இப்படி வைத்துக்கொள். எல்லா க்ளிக்கையும் தானாகப் பிடிக்கும் ஆட்டோகேப்சரையும் யோசித்துத்தான் ஆன் செய்ய வேண்டும்.

அப்புறம், வெளியே வரும் வழி. கூகுள் தன்னுடைய பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் 2023 ஜூலை 1 முதல் டேட்டா எடுப்பதை நிறுத்தியது, அடுத்த வருடம் ஜூலையில் பழைய ரிப்போர்ட்டுகளையும் மூடியது, அந்த வரலாறு ஜிஏ4க்குள் வரவும் இல்லை. தனியாக எடுத்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் மிச்சம். எந்த டூலாக இருந்தாலும் மூல ஈவென்ட்டுகள் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஜிஏ4 என்றால் கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரியோடு இணைக்கலாம், ஆனால் இணைத்த நாளிலிருந்துதான் வரும், முந்தையது வராது. சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், மட்டோமோ பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இருக்கும் சாதாரண சர்வரிலேயே ஓடிவிடும், சமாளிக்கலாம். போஸ்ட்ஹாக்குக்குள் க்ளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸ், ஈவென்ட்டுகளை வரிசையில் வாங்கிக் கடத்தும் காஃப்கா எல்லாம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும், உங்கள் டீம் இருக்கும் அளவுக்கு வேண்டாம்.

ஆள் ஆப்பில் செய்வதைத் திரையோடு பதிவு செய்யும் செஷன் ரெக்கார்டிங் விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. அதன் அருமை எனக்குத் தெரியும். ஃபனலில், அதாவது சேருவதிலிருந்து பில் போடுவது வரையான படிகளில், ஒரு படியில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள், ஏன் என்று புரியவில்லை, நாலு ரெக்கார்டிங் பார்த்ததும் சின்ன போனில் கீபோர்டு மேலே ஏறி சேவ் பட்டனை மறைக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எந்த சார்ட்டும் இதைச் சொல்லியிருக்காது. ஆனால் உங்கள் திரையில் கடைக்காரருடைய கஸ்டமரின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது. அந்த மனிதர் உங்களிடம் எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. அந்த விவரங்களை மறைக்கும் மாஸ்கிங் போடாமல் ஒரு நாள்கூட ரெக்கார்டிங்கை ஓடவிடாதே. ஐரோப்பாவிலும் ஆட்கள் வரப்போகிறார்கள் என்றாய், 2022இல் ஆஸ்திரியாவிலும் பிரான்ஸிலும் டேட்டா அமெரிக்காவுக்குப் போகிறது என்ற காரணத்துக்காகவே அங்குள்ள டேட்டா பாதுகாப்பு அதிகாரிகள் கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்பாட்டைச் சட்டமீறல் என்றார்கள். 2023இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு டேட்டா அனுப்புவதற்குப் புது ஏற்பாடு வந்தது, இருந்தாலும் டேட்டா எந்த நாட்டில் வைக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

என் கணிப்பு கேட்டால், உங்களுக்கு போஸ்ட்ஹாக் க்ளவுட் (அவர்களுடைய சர்வரிலேயே ஓடுவது) அல்லது மிக்ஸ்பேனல். ஒரு வசதியைச் சிலருக்கு மட்டும் திறந்துவிடும் ஃபீச்சர் ஃப்ளாக், ரெக்கார்டிங், ஃபனல் எல்லாம் ஒரே இடத்தில் என்பதால் நான் முதலாவது பக்கம் சாய்வேன். ஆனால் தீர்மானிக்கும் முன் இரண்டிலும் அதே ஈவென்ட்டுகளை அனுப்பிவிட்டு, ப்ரோக்ராம் எழுதாத ஒருவரை, உங்கள் சப்போர்ட்டில் இருப்பவரையே உட்கார வைத்து, 'இந்த மாதம் சேர்ந்தவர்களில் முதல் பில் போட்டவர்கள் எத்தனை பேர்' என்று கேள். யாரையும் கூப்பிடாமல் எதில் அவர் பதிலைக் கண்டுபிடிக்கிறாரோ அதை வாங்கு.

ஷீட் தயாரானதும் எனக்கு அனுப்பு. 'முதல் பில்' என்பதை எந்தக் கணத்தில் எண்ணப்போகிறீர்கள், சேவ் அழுத்தும்போதா, பிரிண்ட் போகும்போதா? பழகிப் பார்க்கப் போடும் பொய் பில்லை எப்படிக் கழிப்பீர்கள்? அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்