மாமி தங்கிய வீடும் உன் வாடகைக் கணக்கும்

மக்களே,

வெள்ளிக்கிழமை நீ போனில் கோபப்பட்டது இன்னும் மனசில் கிடக்கிறது. பூட்டிப்போட்ட நம் வீட்டில் மாமி குடும்பத்தோடு ஏழு மாதம் இருந்திருக்கிறார், பெருக்கிப் போடக் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போயிருக்கிறார், மாதம் 4,000 என்று வைத்தாலும் 28,000 வாங்காமல் விடமாட்டேன் என்று சொன்னாய். சாபாவைக் குளிப்பாட்டும் நேரம், அதனால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். (சாபா என்றால் எபிரேயத்தில் தாத்தா. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.)

சனிக்கிழமை ராத்திரி, சப்பாத் என்கிற யூதர்களின் ஓய்வுநாள் முடிந்த பிறகு, அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சும்மா மன பாரம் குறையட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மருந்து வேண்டாம், முதலில் அந்தப் புத்தகத்தை எடு என்றார். தல்மூது என்பது யூதர்களின் பழைய சட்ட விவாத நூல். அதில் பாவா கம்மா என்று ஒரு பகுதி, 'முதல் வாசல்' என்று அர்த்தமாம், அதில் 20ஆம் ஏடு. 'உன் மகன் கேட்பதை பாபிலோனில் 1,700 வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்' என்றார்.

ராவ் ஹிஸ்தா என்று ஒரு பெரிய ஆசிரியர். அவர் தன் மருமகன் ராமி பார் ஹாமாவிடம், நேற்று நீ எங்களோடு இல்லையே, அருமையான ஒரு கேள்வி வந்தது என்கிறார். ஒருவன் இன்னொருவனின் முற்றத்தில் அவனுக்குத் தெரியாமல் குடியிருந்தால் வாடகை தர வேண்டுமா? வாடகைக்கு விடுகிற இடம், இருந்தவனும் வாடகை கொடுத்து இருக்கிறவன் என்றால் கேள்வியே இல்லை, தர வேண்டும். இடம் வாடகைக்கு விடாதது, இருந்தவனுக்கும் வேறு இடம் சும்மா இருக்கிறது என்றால் தர வேண்டாம். சிக்கல் நடுவில்தான். வீட்டுக்காரன் வாடகைக்கு விடுகிறவன் இல்லை, ஆனால் இருந்தவன் இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது வாடகை கொடுத்திருப்பான். இவனுக்கு லாபம், அவனுக்கு நட்டமில்லை. இதை எபிரேயத்தில் 'ஸெ நெஹெனெ வெஸெ லோ ஹாஸேர்' என்பார்கள். சாபா எனக்குப் பாடம் ஆகும் வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

யோசித்துப் பார், அது அப்படியே நம் மாமிதான். மழையில் ஓடு சரிந்து அவர்கள் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நம் வீட்டை நாம் என்றைக்கும் வாடகைக்கு விட்டதில்லை, விடவும் மாட்டோம்.

அந்த மருமகன் என்ன சொன்னான் தெரியுமா? பதில் ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது, எனக்கு ஒரு பணிவிடை செய், சொல்கிறேன் என்றான். மாமனார் அவன் துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தார்! அவ்வளவு பெரிய மனிதர், ஒரு பதிலுக்காக. பொது வழியில் கிடந்த தானியத்தை ஒருவன் மாடு தின்றால், அதனால் அவனுக்குத் தீவனத்தில் எவ்வளவு மிச்சமோ அதைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தைத்தான் அவன் காட்டினான். ஆனால் ராவா என்பவர் அது பொருந்தாது என்றார், அங்கே தானியக்காரனுக்கு நட்டம் இருக்கிறது, இங்கே வீட்டுக்காரனுக்கு என்ன நட்டம்?

கடைசியில் பின்னால் வந்த சட்ட நூல்கள் ராவா பக்கம்தான் நின்றன. மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் அப்படித்தான் எழுதினார், சஃபேத் ஊரில் யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக்கிலும் அதுதான். வாடகைக்கு விடாத இடம் என்றால் இருந்தவன் வாடகை தர வேண்டாம். வெளியே போ என்று சொன்ன பிறகும் இருந்தால் மட்டும் தர வேண்டும். நீ சொன்ன மறுநாளே மாமி காலி செய்துவிட்டார், இல்லையா?

இன்னொன்றும் வாசித்தார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏசாயா 24ஆம் அதிகாரம் 12ஆம் வசனம், வாசல் இடிந்து பாழாவதைச் சொல்லும் இடம், நாம் எத்தனை தடவை வாசித்திருப்போம். அதில் பாழ் என்று வருகிற எபிரேயச் சொல்லை ஒரு பேயின் பெயராக இவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஆளில்லாத வீட்டை முட்டி இடிக்கிற பேய். ஒருவர், நானே பார்த்தேன், மாடு முட்டுவது போல முட்டியது என்றாராம். ஆள் குடியிருந்தால் வீட்டுக்காரனுக்கும் நல்லதுதான் என்பதற்காக அதைச் சொன்னார்கள். நான் இங்கே வந்த முதல் வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் கரையான் கதவு நிலையை எப்படித் தின்றது என்று நினைத்துப் பார். இந்த ஏழு மாதத்தில் ஓர் உத்தரத்திலாவது கரையான் ஏறியதா?

ஆனால் சாபா அதோடு விடவில்லை. சுவர் புதுசா என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. பின்கட்டுக்குப் போன வருஷம்தான் பெயிண்ட் அடித்தோம், அங்கேதான் மாமி விறகடுப்பு வைத்திருந்தார் என்று நீயே சொன்னாய். சுவர் கறுத்துப்போவதைத் தல்மூது தனியாகப் பேசுகிறது. புது வீடு என்றால், என் சுவரைக் கறுப்பாக்கினாயே என்று வீட்டுக்காரன் கேட்கலாம், அது நட்டம். கொஞ்சம் நட்டம் வந்துவிட்டால்கூட இருந்தவன் பெற்ற லாபம் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்று பிரான்ஸில் இருந்து தல்மூதுக்கு உரை எழுதிய தோசஃபோத் உரைக்காரர்கள் எழுதினார்களாம். அப்படிப் பார்த்தால் உன் 28,000க்கும் ஓர் இடம் கிடைக்கிறது. உன்னிடம் அதை மறைக்க எனக்கு மனமில்லை.

அது அவர்கள் சட்டம், நம்மைக் கட்டாது. ஆனாலும் எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கேட்காமல் போனது தப்பு, அதை மாமியிடம் நானே சொல்வேன். இனிமேல் வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. நட்டமில்லை என்பதைக் காட்டி முன்கூட்டியே யாரும் வீட்டைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்று தோசஃபோத்திலேயே இருக்கிறது. ஆனால் நாம் ஒருநாளும் வாங்கியிருக்காத வாடகையைச் சொந்த மாமியிடம் வசூலிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கறுத்த சுவருக்கு மட்டும் கேள்.

அப்புறம் ஒன்று. வருத்தப்படாதே, சொல்லத்தான் வேண்டும். வீடு நிலம் மாதிரி, அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு சாமானைக் கேட்காமல் இரவலாக எடுத்தால் அவன் திருடனுக்குச் சமம் என்று அதே தல்மூது சொல்கிறது, திருப்பி வைக்கிற எண்ணத்தோடு எடுத்தாலும் சரி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாமாவின் ஸ்கூட்டரைச் சாவி கிடந்தது என்று எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போய் வந்தாயே, அன்றைக்கு மாமா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது, நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலில் அவருக்குப் போன் போடு.

போன வருஷத்துப் பெயிண்டில் அரை வாளி மீதி பரணில் இருக்கிறது, அதே மஞ்சள். மாமியின் மூத்தவன் பெயிண்ட் வேலைதான் பார்க்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சாவி மாமியிடமே இருக்கட்டும், வீட்டைப் பெருக்க வேண்டுமே.

அம்மா