பஹ்ரைன் போகாத ஒரு பெண்ணுக்காக எழுதும் நன்றி மடல்

சேலத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் மலைக்காரர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். என் தங்கை இந்தியக் கபடி அணித் தேர்வுக்குப் போய்விட்டு, தேர்வாகாமல் திரும்பி வந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். ஆனால் கூச்சமாகிவிட்டது. மெடல் வாங்கினவர்கள்தானே மாலையோடு நின்று நன்றி சொல்வார்கள், நாம் எந்த முகத்தோடு சொல்வது என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியே முடிந்துவிட்டது. தீபாவளி போய், மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியாயிற்று. இன்னும் தள்ளிப்போட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எங்களுக்குச் சொந்த ஊர் ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்ன கிராமம். அம்மா எஸ்டேட்டில் கூலி வேலை. நான் சேலம் பனங்காடு பகுதியில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறேன். தங்கை என்னோடு தங்கிச் சேலத்தில் படிக்கிறாள். கபடியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பாடி வருபவளைப் பிடிப்பவள். இந்த முறைதான் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியை முதல்முறையாகச் சேர்த்தார்கள். நான் ஊர் அணியில் ஆடிய காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. நடுவில் பல வருடம் போட்டியே நடக்கவில்லை. 2013-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்தது. அடுத்தது 2025-ல் பஹ்ரைனில். நடுவில் கொரோனாவும் ஒன்றைக் காவு வாங்கியது. 18 வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்கான போட்டியில் 12 வருட இடைவெளி என்றால் என்ன அர்த்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறைக்கே வயசு போய்விட்டது.

வயசு என்றதும் முதலில் நர்சம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் தங்கை பிறந்தது ஒரு மழை ராத்திரியில், வீட்டில். பாதையில் மரம் விழுந்து ஜீப் வரவில்லை. பிறப்பைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயதைக் கூட்டி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார்கள். (எங்கள் மலையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். பள்ளிச் சேர்க்கை நடக்கிற மாதம் அல்லவா!) பள்ளிக் கணக்குப்படி அவளுக்கு இந்தப் போட்டிக்கான வயது தாண்டிவிட்டது. உண்மையில் தாண்டவில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்? வயதைக் குறைத்துக் காட்டி ஆடுவது நம் நாட்டு இளையோர் விளையாட்டில் பழைய வியாதி. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கிற சோதனையெல்லாம் அதனால்தான் வந்தது. நாங்கள் சான்றிதழ் கேட்டுப் போன இடத்திலெல்லாம் எங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். ஓர் அலுவலகத்தில் நான்கு முறை "நாளைக்கு வாங்க" என்றார்கள். பட்டறையில் ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

அப்போதுதான் அம்மாவுக்கு நர்சம்மா ஞாபகம் வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருந்தவர். இப்போது கீழே எங்கோ வேலை பார்க்கிறார். ஃபோன் செய்து சொன்னதும் லீவு போட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார். அந்தப் பாதையில் அவருக்கு வாந்தி வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நிலையத்துப் பீரோவைத் திறக்கச் சொல்லி, கரையான் அரித்த ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்மாவுக்கு ஊசி போட்ட தேதிகள் இருந்தன. பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்கு வந்து குழந்தையை எடை போட்ட குறிப்பும் இருந்தது. இரண்டு கிலோ நூறு கிராம். அந்த ஒரு வரியை வைத்துத்தான் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தோம், உத்தரவு வந்தது, பிறப்பைப் பதிந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர், "விளையாடப் போற பிள்ளைக்கா? காசு வேண்டாம் போ" என்று அனுப்பினார். நர்சம்மா, உங்கள் கையெழுத்து மட்டும் கோழிக் கிறுக்கலாக இருந்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது மண்டபத்துக்காரர். மலையில் எங்கள் பிள்ளைகள் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். மண்ணில் ரைடர் (பாடி வருபவள்) திரும்பும்போது கால் கொஞ்சம் சறுக்கும். அந்த ஒரு நொடியில்தான் கார்னரில் நிற்பவள் கணுக்காலைப் பிடிப்பாள். மேட் என்கிற விரிப்பில் அந்த நொடி கிடையாது. ஷூ ஒட்டிக்கொள்ளும், ரைடர் தொட்ட வேகத்தில் திரும்பிவிடுவாள். மண்ணில் ராணியாக இருந்தவள் மேட்டில் முதல் நாள் ஒரு பிடிகூடப் பிடிக்க முடியாமல் நின்றாள். தேர்வு நடப்பதோ மேட்டில். ஒரு குழுவினர் பழைய மேட்டை இரவல் தரச் சம்மதித்தார்கள், ஆனால் விரிக்க இடம்? பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மழை பெய்தாலும் நனையாத அவ்வளவு பெரிய தரை யாரிடம் இருக்கிறது?

கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. அதுவும் ஆடி மாதத்தில் சும்மா இருக்கிறது. இந்த யோசனை எங்கள் பட்டறை அண்ணனுடையது. அவர் மண்டபத்துக்காரரிடம் பேசினார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தரையில ஆணி அடிப்பீங்களா?" ஆணி வேண்டாம், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் துண்டுகள்தான் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரு மீட்டர் சதுரத்தில் 120 துண்டு, குட்டி யானை வண்டியில் இரண்டு நடை. மணமகன் அறை மெத்தைகளைத் தூணில் கயிறு போட்டுக் கட்டினோம். மேடையில் இருந்த சிம்மாசன நாற்காலிகளில்தான் கோச் உட்கார்ந்து விசில் ஊதினார். ஆடிப் பண்டிகைக்கு ஊரே கோட்டை மாரியம்மன் கோயிலில் நிற்க, இவர்கள் பன்னிரண்டு பெண்கள் உள்ளே மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஓடினார்கள். கரண்ட் பில்லைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நாங்களே கூட்டிப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்தில் எங்களுக்கும் சாப்பாடு!

அவளோடு ஆடிய மற்ற பதினொரு பேருக்கும் நன்றி. அவர்களில் ஒருவருக்கும் தேர்வுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் அவள் பிடிக்கப் பழக வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் காலை ஐந்து மணிக்கு வந்து ரைடு போனார்கள்.

பட்டறைக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல? இந்த வருடம் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், தீபாவளிக்கு முன் கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஆர்டர் இல்லாமல் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்த பட்டறைகள் எத்தனை என்று சிவதாபுரம், பனங்காடு பக்கம் கேட்டால் தெரியும். அந்த நிலைமையிலும் கம்பி இழுக்கிறவர், மணி கோக்கிற அக்காக்கள், மெருகு போடுகிற தம்பிகள் என்று ஆளுக்கு நூறு இருநூறு போட்டார்கள். தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காயும் சட்னியும்) கடை அக்கா காசு போடவில்லை; தினமும் நான்கு அவித்த முட்டை. என் தங்கை ஆசையாக ஒரு செட் கேட்டால் மட்டும், "ஜெயிச்சிட்டு வா, தர்றேன்" என்று கையைத் தட்டிவிடுவார். திரும்பி வந்த அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே கார சட்னி தூக்கலாகப் போட்டு ஒரு தட்டு நீட்டினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

துணைக்குப் போனது எங்கள் அத்தை. அதற்கு முன் சென்னையைக்கூடப் பார்த்ததில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். (பெயர்தான் ஏற்காடு, ரயில் மலைப்பக்கமே போகாது. ஈரோட்டில் கிளம்பிச் சேலம் வழியாக ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்குப் போய்விடும்.) பகல் முழுக்க அங்கே காத்திருந்து, ராத்திரி டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அந்த ஒரு பகலுக்குத் தன் வாடகை அறையைத் திறந்துவிட்டு வேலைக்குப் போன நம்மூர்த் தம்பிக்கு நன்றி. அத்தை ராகி மாவும் ஒரு கல் உரலும் கொண்டுபோனார். கல் உரல் எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தேர்வில் என்ன நடந்தது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அவள் சொன்னதையே சொல்கிறேன். முதல் நாள் நன்றாகப் போனது, நான்கு பிடி. இரண்டாம் நாள் அவசரப்பட்டாள். ரைடர் உள்ளே வரும் வரை காத்திருக்காமல், பக்கத்தில் கவர் இடத்தில் துணைக்கு நிற்பவளையும் பார்க்காமல், தனியாகப் பாய்ந்து மூன்று முறை புள்ளியை விட்டுக்கொடுத்தாள். அங்கே இருந்த பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே மேட்டில் வளர்ந்தவர்கள். அவளுக்கு ஒரு மாத மேட்தான்.

இங்கே ஒரு வேண்டுகோள். நிறையப் பேர் ஆறுதலாக, "அங்க அரசியல் பண்ணிட்டாங்க, நம்ம பிள்ளைய விடல" என்கிறீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மற்ற இடங்களில் அப்படி நடந்திருக்கலாம். இவள் விஷயத்தில் நடக்கவில்லை. தேர்வாளர்களில் ஓர் அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று மொழி புரியாவிட்டாலும் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டியிருக்கிறார். அவருக்கும் நன்றி. முட்டிக்குப் போடும் பேடு கிழிந்தபோது தன்னுடைய இன்னொரு ஜோடியைக் கொடுத்த ஹரியானாப் பெண்ணுக்கும் நன்றி. என் தங்கை அந்தப் பெண்ணின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டாள். "அரசியல்" என்று யாராவது சொன்னால், அன்று முழுவதும் அவள் பயிற்சிக்குப் போவதில்லை. தன் தப்பு எது என்று தெரிந்தவளிடம் வேறு யாரோ செய்த தப்பு என்றால், அவள் எதைத் திருத்துவாள்?

அக்டோபர் 23, இறுதிப் போட்டி. தீபாவளிக்கு மலைக்குப் போனவர்கள் மழையால் அங்கேயே இருந்தோம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. கோயில் பாறை மேல் ஏறினால் இரண்டு புள்ளி வரும். குடை பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் பாறை மேல் நின்றோம். பெண்கள் ஈரானை 75-21 என்று வென்ற செய்தி வந்தது. பையன்களுக்கும் ஈரான்தான், 35-32. இரண்டு தங்கம். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அணியின் துணைத் தலைவி. பையன்கள் அணியில் வடுவூர் அபினேஷ். நம் ஆட்கள் இரண்டு பேர்! பாறை மேல் போட்ட விசிலுக்குப் பக்கத்து எஸ்டேட் நாய்களெல்லாம் குரைத்தன. மொத்தத்தில் இந்தியா 13 தங்கத்தோடு 48 மெடல், நான்ஜிங்கில் மொத்தமே 14 மெடல்தான். என் தங்கை 75-21 என்பதை இரண்டு முறை வாசித்தாள். "எல்லாருக்கும் பொறுமை இருந்திருக்குண்ணா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் கீழே இறங்க முதல் பஸ்ஸுக்கு அவள்தான் எங்களை எழுப்பினாள்.

அப்புறம், தேர்வுக்குப் புறப்படும் முன்பே "இந்திய அணிக்குச் செல்லும் சேர்வராயன் சிங்கப்பெண்" என்று பன்னிரண்டு அடிக்கு ஃபிளக்ஸ் வைத்த அண்ணனுக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்ததும் அதன் கீழே நடந்துபோக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்கள் படம் அவள் படத்தைவிடப் பெரிதாக இருந்ததையும் குறித்துக்கொண்டோம். நல்ல கெட்டியான ஃபிளக்ஸ். இந்த மழைக்கு அம்மா அதைத்தான் விறகின் மேல் போர்த்தி வைத்திருக்கிறார்.

கணக்கு: வந்தது 38,450 ரூபாய். ரயில், தங்கல், சாப்பாடு, ஷூ இரண்டு ஜோடி, மேட் ஏற்றி இறக்கிய வண்டி எல்லாம் சேர்த்துச் செலவு 34,990. மீதி 3,460. பில்கள் பட்டறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீதிப் பணத்தில், அவளோடு ஆடியவர்களில் ஷூ இல்லாத இரண்டு பேருக்கு வாங்கலாம் என்று நினைக்கிறோம். ஆட்சேபணை இருந்தால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இரவல் வாங்கிய மேட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எண்ணிப் பார்த்ததில் 118 துண்டுதான் இருக்கிறது. நீலத்தில் இரண்டு குறைகிறது. ஆவணிக் கல்யாணத்தில் யாராவது கால் துடைக்க என்று நினைத்து எடுத்துப் போயிருந்தால், தட்டுவடை செட் கடை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். யார், எவர் என்று கேட்க மாட்டோம்.