பாதிப் படத்தோடு ஊர் திரும்பிய பேண்டு வாத்தியக்காரர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கச்சேரியும் திரையிடலும் நடத்திவரும் விழாக் குழுவினருக்கும் அரங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம், பேண்டு செட் ஒன்றைப் பற்றிய ஆவணப்படம் திரையிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சிலர் மேடையில் இருந்தீர்கள், சிலர் முதல் வரிசையில் இருந்தீர்கள். எந்த விழா, எந்த அரங்கம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு குழுவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இதையேதான் எல்லா இடத்திலும் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அழைப்பிதழில் ஐந்தரை மணி என்று அச்சடித்தால் ஐந்தரை மணிக்குத் தொடங்குங்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேராவிட்டாலும் தொடங்குங்கள்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. எனக்குப் பாடத் தெரியாது, தாளம் போடத் தெரியும், அவ்வளவுதான். வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் தேருக்கு நாதஸ்வரம் கேட்க நிற்பேன். மாசி மகத்துக்கு விடியற்காலையில் தேவனாம்பட்டினம் போய்விடுவேன். அங்கே ஒவ்வொரு ஊர் சாமியும் ஒவ்வொரு மேளத்தோடு வந்து இறங்கும். ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் நடக்கும் இசை விழாவையும் முடிந்தவரை தவறவிடுவதில்லை. 1982-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம் அது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம் என்ற அந்த எண்ணமே எனக்குப் பிடிக்கும். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு மணி நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி. மனசார விரும்பித்தான் வருகிறேன்.

அந்த ஞாயிறு எனக்குச் சாதாரண நாள் இல்லை. எங்கள் பக்கத்துப் பேண்டு செட் ஒன்றைப் பற்றி ஒரு பையன் ஆவணப்படம் எடுத்திருந்தான். மூன்று ஆண்டுகள் அவர்கள் பின்னாலேயே அலைந்து எடுத்த படம். என் சித்தப்பா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்தது அந்த செட்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்தவர்கள் இருபுறமும் நடக்க, நடுவில் சிவப்புக் கோட்டும் சரிகைப் பட்டையும் போட்டுக்கொண்டு அவர்கள் வாசித்துக்கொண்டே போவார்கள். நான் பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே நடப்பேன். அடிக்கிற ஒவ்வொரு அடியும் வயிற்றில் வந்து விழும். பிறகு 2009-இல் எங்கள் அப்பாவின் இறுதி ஊர்வலத்துக்கும் அவர்கள்தான் வந்தார்கள். அதே கிளாரினெட், அதே ஆள். இசை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு நாட்களில்தான்.

அன்று மாலை ஐந்தேகால் மணிக்கே செட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒன்பது பேர். கிளாரினெட் பெரியவர் சலவை வேட்டி சட்டையில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று வரிசைகளுக்குக் கயிறு கட்டி, வி.ஐ.பி. என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஆறு மணிக்கு ஒரு தம்பி வந்து நான்காவது வரிசையும் வேண்டும் என்றார். எழுந்து ஏழாவது வரிசைக்குப் போனார்கள். ஆறே முக்காலுக்கு இன்னொரு தம்பி வந்து, “ஐயா, கொஞ்சம் பின்னாடி போயிடுங்க, கட்சிக்காரங்க வர்றாங்க” என்றார். கடைசியில் நான்கு பேருக்குத்தான் நாற்காலி கிடைத்தது. மற்ற ஐந்து பேர் சவுண்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தே பழகியவர்கள் அவர்கள்.

விருந்தினர் ஏழு மணிக்கு வந்தார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, அதற்குப் பிறகு ஆறு பேர் பேச்சு. பேசிய ஆறு பேரில் ஒருவர்கூடப் பேண்டு வாத்தியத்தைப் பற்றி இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசவில்லை. பேசுவதற்கா விஷயம் இல்லை? தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டு மெட்டைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வரம் என்ற மேல்நாட்டு மெட்டுப் பாட்டுகளை இயற்றினார். வெள்ளைக்காரர்களின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த கடலூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் சொன்னால் கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் ஏற்றி வாசித்த ஏ.கே.சி. நடராஜன் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நாமெல்லாம் மகிழ்ந்தோம். அதே கிளாரினெட்டைத் தெருவில் நடந்துகொண்டே நாற்பது ஆண்டுகள் வாசித்தவரின் பெயர் உங்கள் அழைப்பிதழில் இல்லை. “பேண்டு கலைஞர்கள் முன்னிலையில்” என்று ஒரு வரி. விருந்தினர்கள் பெயருக்கு முன்னால் மட்டும் பட்டங்கள் வரிசையாக இருந்தன.

எட்டேகாலுக்குப் படம் தொடங்கியது. அதற்குள் விருந்தினர் கிளம்பிவிட்டார், அவரோடு முப்பது நாற்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். முன்னால் மூன்று வரிசையும் காலி. பின்னால் நின்றவர்களை “முன்னாடி வந்து உட்காருங்க” என்று கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்து அவர்களை அழைத்து வந்திருக்க வேண்டும். இன்றைக்கு வரைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

படம் அருமையான படம். பெரியவர் வாசிக்கத் தொடங்கும் முன் ரீடை, அதாவது கிளாரினெட்டின் ஊதுவாயில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டையை, வாயில் போட்டு ஊற வைப்பார். அதை அந்தப் பையன் கிட்டப் போய், அவசரமே இல்லாமல் காட்டியிருக்கிறான். ரீடு ஊறுகிற அந்த நேரம் முழுக்க அவர் யாரோடும் பேசமாட்டார், கண்ணை மட்டும் எங்கோ வைத்திருப்பார். 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓடு சரிந்து பெரிய டிரம் நனைந்து தோல் போன கதையை டிரம் அடிப்பவர் சொல்கிறார். சொல்லும்போது கை தானாகத் தொடையில் தாளம் போடுகிறது. 2020-இல் கல்யாணமே இல்லாமல் போனபோது டிரம்பெட்காரர் லாரியில் மூட்டை ஏற்றப் போயிருக்கிறார். மூட்டை தூக்கித் தூக்கி மூச்சு போய்விட்டது, பழைய உயரத்துக்கு ஊத முடியவில்லை என்று அவர் சொன்னபோது அரங்கத்தில் சத்தமே இல்லை.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு விளக்கு எரிந்தது. படம் நின்றது. அரங்கத்துக்கு வாடகை நேரம் முடிந்துவிட்டதாம், காவலர் பூட்ட வேண்டுமாம். எழுபத்தைந்து நிமிடப் படத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கரையில் செட்டு முழுவதும் சேர்ந்து வாசிக்கிற காட்சி இருக்கிறது என்று படம் எடுத்த பையன் பிறகு சொன்னான். ஒன்பது பேரும் ஒன்றாகத் தெரிகிற காட்சி படத்தில் அது ஒன்றுதானாம்.

பெரியவர் என்னைப் பார்த்து, “தம்பி, அவ்ளோதானா? நாங்க எல்லாரும் வாசிச்சது வரவே இல்லியே?” என்றார். பேத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல? “இன்னொரு நாள் போடுவாங்க ஐயா” என்றேன். மேடையோரம் மேசையில் ஒன்பது பொன்னாடைகள் பிளாஸ்டிக் உறையோடு அடுக்கி வைத்திருந்தன. படம் முடிந்ததும் போர்த்துவதாக இருந்ததாம். படம் முடியவில்லை, அதனால் போர்த்தவும் இல்லை. அவர்கள் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. ஊருக்குப் போகிற டவுன் பஸ் போய்விட்டது. ஒன்பது பேரும் அந்தக் குழந்தையும் இரண்டு ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டோ கூலியை அவர்களே கொடுத்தார்கள்.

ஐயா, அம்மா, நேரம் தவறினால் அந்த நேரம் யாருடைய பங்கிலிருந்து கழிகிறது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். நான் கணக்கு எழுதுகிறவன், இது என் கண்ணை விட்டுப் போவதில்லை. பேசுகிறவருடைய நேரத்திலிருந்து ஒரு நிமிடம் கழிந்து நான் பார்த்ததில்லை. போன மார்கழியில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. முக்கால் மணி தாமதம். பிரதான உருப்படி முடிந்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் செயலாளர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். மிருதங்கக்காரப் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கும், கடமும் தானுமாகச் சுருக்கி, முடிவில் வைக்கிற தாளக்கட்டான ஒரு கோர்வையை வைத்து முடித்துவிட்டான். அந்தக் கோர்வைக்கு அவன் எத்தனை நாள் சாதகம் செய்திருப்பான்! கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி என்றாலும் இதே கதைதான். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற ஒலி மாசு விதி. அனுமதி வாங்கினால் ஆண்டில் சில நாட்கள் மட்டும் விலக்கு உண்டு. மற்ற நாட்களில் ஆறு மணிக் கச்சேரியை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குப் பிறகு அதை ஈடுகட்ட வழியே கிடையாது. நன்கொடையாளர் பெயர்களை மூன்று முறை வாசிப்பார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி பாட வேண்டிய இரண்டு பாட்டு ஒன்றாகிவிடும், சில நாள் அதுவும் இல்லாமல் போகும். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்றபடியே வீட்டுக்குப் போவாள்.

சென்னையில் மியூசிக் அகாடமியில் சொன்ன நேரத்துக்குத் திரை விலகும். அங்கே விலகுகிற திரை இங்கே மட்டும் ஏன் விலகாது? நம் ஊர் ரசிகர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்று என்னிடம் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் தாமதமாகத் தொடங்குவதால்தான் அவர்கள் தாமதமாக வருகிறார்கள். இரண்டு விழாக்களை நேரத்துக்குத் தொடங்கிப் பாருங்கள், மூன்றாவது விழாவுக்கு அரங்கம் ஐந்தரைக்கே நிறைந்துவிடும்.

விழா நடத்துவது எத்தனை சிரமம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அரங்க வாடகை, சவுண்டு செட், கலைஞர்களுக்குச் சன்மானம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் விருந்தினர்களால் வருகிறது என்பதும் தெரியும். விருந்தினரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர் எப்போது வருகிறாரோ அப்போது, ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் மேடையேற்றி மரியாதை செய்யுங்கள், ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். பாட்டையும் படத்தையும் அவருக்காக நிறுத்தி வைக்காதீர்கள். யாரைப் பற்றிய விழாவோ அவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். பக்கவாத்தியம் வாசிப்பவர் பெயரையும் பேண்டு செட்டில் ஒவ்வொருவர் பெயரையும் அழைப்பிதழில் போடுங்கள். கூடுதலாக நான்கு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இந்தக் கோபத்தில் ஏதாவது கடிந்து எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விழாக்கள் இல்லையென்றால் என் ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் தூக்கத்தில் கழிந்திருக்கும். அதற்கு என்றும் நன்றி உண்டு. அந்த நன்றியோடுதான் திரும்பவும் கேட்கிறேன், சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தைத் தயவுசெய்து மறுபடியும், முழுவதுமாகத் திரையிடுங்கள். முடிந்தால் கடலூரில், மஞ்சக்குப்பம் பக்கம் ஏதாவது ஒரு மண்டபத்தில் போடுங்கள், பெரியவர்களுக்கு பஸ் அலைச்சல் இருக்காது. நாற்காலி வாடகையை நான் தருகிறேன், கடையில் முதலாளியிடமும் கேட்டிருக்கிறேன். வரும் மாசி மகத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறாக இருந்தால் நல்லது. மகம் வந்துவிட்டால் செட்டுக்காரர்கள் ஒன்பது பேரையும் ஓரிடத்தில் பிடிக்க முடியாது. அந்த ஒன்பது பொன்னாடைகளும் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. வரும்போது அவற்றையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்